சிங்கப்பூரிலும் கொழும்பு நேரம்: இருபது மாதப் பிள்ளையின் பகல் நித்திரை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

## குடும்பமும் பயணமும்

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கும் குடும்பம் இது. தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறவர்கள். ஏழு வயதில் ஒரு மகன், இருபது மாதத்தில் ஒரு மகள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாயின் அம்மா. ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் ஐந்து பேருமாகச் சிங்கப்பூருக்கு ஆறு நாள் போய்வரத் தீர்மானித்திருந்தார்கள். பயணத்தின் முக்கிய நோக்கம் சென்டோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா. மகன் வெகுநாளாக அதற்காகக் காத்திருந்தான். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அங்கே டிக்கெட் இல்லை என்பதால், சின்னவளைப் பற்றித் தனியாக யோசிக்க எதுவும் இல்லை என்றே தந்தை முதலில் நினைத்திருந்தார்.

நான் முன்பள்ளியொன்றின் பகல் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மகன் எங்களிடம் படித்தவன். அந்தப் பழக்கத்தில்தான் தாய் என்னிடம் வந்தார். பெற்றோரின் சம்மதத்துடன், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் பிள்ளையின் பகல் நித்திரையை, பெரியவர்களின் வசதிக்குத் தள்ளிப்போடக்கூடிய ஒன்றாகவே பலரும் பார்க்கிறார்கள். அதைப் பயணத் திட்டத்தின் மையத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தக் குடும்பம் ஆறு நாளில் காட்டியது. நன்றாக நடந்ததும் பிழைத்துப்போனதும் இரண்டும் இதில் இருக்கின்றன.

## தாயைக் கவலைப்பட வைத்த ஒரு நாள்

ஏப்ரல் விடுமுறையில் அவர்கள் கொழும்புக்கு வெளியே உள்ள நீர்ப்பூங்கா ஒன்றுக்கு உறவினரோடு வான் வண்டியில் போயிருந்தார்கள். சின்னவள் வீட்டில் பன்னிரண்டேகால் அளவில் நித்திரைக்குப் போகிறவள். அன்று அந்த நேரத்தில் அவள் தண்ணீர் விளையாட்டின் ஓரத்தில் நின்றாள். கண்ணைக் கசக்கினாள், காதை இழுத்தாள், சற்று நேரம் எதையும் பார்க்காமல் வெறித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணியளவில் எல்லாம் மாறியது. ஓடினாள், கூச்சலிட்டாள், காரணமில்லாமல் சிரித்தாள். "இவளுக்கு நித்திரை வரவில்லை, பாருங்கள் எவ்வளவு உற்சாகம்" என்று தந்தை சொன்னதாகத் தாய் நினைவுகூர்ந்தார்.

மூன்று மணிக்குப் பிறகு அழுகை தொடங்கியது. யாருடைய கையிலும் நிற்கவில்லை, சாப்பாட்டையும் தட்டிவிட்டாள். திரும்பும் வழியில், ஐந்து மணிக்குக் கிட்ட, வானில் அரை மணி நேரம் கண்ணயர்ந்தாள். வீட்டு வாசலில் விழித்தவள் இரவு பதினொரு மணிவரை உறங்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் நேரம் குழம்பியே இருந்தது.

அந்த ஓட்டமும் சிரிப்பும் களைப்பின் அடையாளம் என்பதைப் பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டியிருந்தது. களைத்துப்போன சிறுபிள்ளை பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்காருவதில்லை. உடல் விழித்திருப்பதற்காகப் போராடும். அந்தப் போராட்டம் வெளியே துள்ளலாகத் தெரியும். கண் கசக்குவதற்கும் துள்ளலுக்கும் இடையில் உள்ள அந்தக் குறுகிய நேரம்தான் பிள்ளையைப் படுக்கவைக்க ஏற்றது. அது கடந்துவிட்டால் பிறகு எவ்வளவு ஆட்டினாலும் பயன் குறைவு.

## கவனித்தவை

பயணத்துக்கு முன் இரண்டு வாரம், எப்போது எழுந்தாள், எப்போது உறங்கினாள், எதைப் பிடித்துக்கொண்டு உறங்கினாள் என்று ஒரு கொப்பியில் எழுதும்படி தாயிடம் கேட்டேன். அதிலிருந்து தெரிந்தது ஒழுங்கான ஒரு பிள்ளை. காலை ஆறேகாலுக்கு எழும்புகிறாள். பகலில் பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டேகால் வரை நித்திரை. இரவு எட்டேகாலுக்குப் படுக்கை. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். ஒன்று முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைகளுக்குப் பகல் நித்திரையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அவள் அந்த அளவுக்குள் வசதியாக இருந்தாள். காலை நித்திரையை விட்டு ஒரே பகல் நித்திரைக்கு மாறும் கட்டத்தையும் கடந்திருந்தாள். இது நல்லதும் ஆபத்தானதும். ஒரே நித்திரை என்பதால் திட்டமிடுவது எளிது. அதே காரணத்தால், அது தவறினால் ஈடுசெய்ய அன்று வேறொன்று இல்லை.

கொப்பியில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. மெரைன் டிரைவிலிருந்தோ சந்தையிலிருந்தோ முச்சக்கர வண்டியில் திரும்பும்போது பத்து நிமிடம் கண்ணயர்ந்த நாட்களில், வீட்டில் அவள் படுக்கவே மறுத்தாள். சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் விளக்கியபடி, நித்திரையை இரண்டு விசைகள் ஆளுகின்றன. விழித்திருக்கும் நேரம் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும் நித்திரை அழுத்தம் ஒன்று. உடலின் உள்ளிருக்கும் நாட்கடிகாரம் மற்றது. சிறுபிள்ளைகளில் அழுத்தம் விரைவாகச் சேரும். பத்து நிமிடக் குட்டி நித்திரை அதில் ஒரு பகுதியை இறக்கிவிடுகிறது. மீதி இருப்பது பிள்ளையை எரிச்சலூட்டப் போதும், உறங்கவைக்கப் போதாது.

மற்றது ஏணை. அம்மம்மாவின் பழைய பருத்திச் சேலையில் கட்டிய ஏணை, அதற்குள் அவள், பக்கத்தில் ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடும் அம்மம்மா. பிறந்ததிலிருந்து வீட்டில் வேறு எந்த முறையிலும் அவள் பகலில் உறங்கியதில்லை. ஹோட்டல் அறையில் ஏணை கட்ட வளையம் இருக்காது.

## முடிவுகளும் காரணங்களும்

### கடிகாரம்

சிங்கப்பூர் நேரம் இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. முதல் நாளே பிள்ளையை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். நான் எதிர்மாறாகச் சொன்னேன்: ஆறு நாளுக்காக மாற்ற வேண்டாம், அவள் கொழும்பு நேரத்திலேயே இருக்கட்டும்.

கணக்கு இப்படி வந்தது. கொழும்பு ஆறேகால் அங்கே எட்டே முக்கால். பூங்கா பத்து மணிக்குத் திறக்கிறது. பகல் நித்திரை அங்கே இரண்டே முக்காலிலிருந்து நாலே முக்கால் வரை வரும். அதுதான் வெயில் கடுமையாக இருக்கும், இடிமழையும் அடிக்கடி வரும் பிற்பகல். இரவுப் படுக்கை பத்தே முக்கால். அதாவது, மெரினா குடாப் பூங்காவில் எட்டே முக்காலுக்கு நடக்கும் ஒளிக்காட்சியை அவள் உடல் மாலை ஆறேகாலாகவே உணரும். சிங்கப்பூரில் ஐந்து மணிக்குச் சிணுங்கும் பிள்ளையோடு அறைக்கு ஓடும் குடும்பங்களுக்குக் கிடைக்காத மாலைப்பொழுது இவர்களுக்குக் கிடைக்கும்.

உடல் கடிகாரத்தை நகர்த்துவது சுவர்க்கடிகாரம் அல்ல, வெளிச்சம். இங்கே நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. சிங்கப்பூர் தன் கடிகாரத்தைச் சூரியனைவிட முன்னே வைத்திருக்கிறது. அங்கே விடிவது ஏழு மணியளவில், பொழுது சாய்வதும் இரவு ஏழு மணி கடந்து. தீர்க்கரேகைப்படி இரு நகரங்களுக்கும் இடையில் சூரிய நேர வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் மட்டுமே. ஆகவே வெளிச்சம் பிள்ளையை இழுக்கும் தூரம், கடிகாரம் காட்டும் தூரத்தைவிடக் குறைவு. காலை வெளிச்சத்தை எட்டே முக்கால் வரை அறைக்குள் விடாமல் பார்த்துக்கொண்டால் இழுப்பு இன்னும் குறையும்.

தந்தை நெடுநேரம் தயங்கினார். "அந்த ஊரில் எல்லாரும் எழுந்தபிறகு நாங்கள் உறங்கிக்கொண்டிருப்பதா?" என்று கேட்டார். பெரியவர்கள் எழுந்துகொள்ளலாம் என்பதே பதில். பூங்கா திறக்கும்போது தந்தையும் மகனும் வாசலில் இருப்பார்கள். தாயும் அம்மம்மாவும் சின்னவளோடு பிறகு வந்து சேர்வார்கள். இந்தப் பிரிவு மகனுக்குத்தான் பெரிய நன்மையாக முடிந்தது.

### தங்குமிடம்

தந்தை பார்த்து வைத்திருந்தது லிட்டில் இந்தியாவில் ஒரு ஹோட்டல். விலை குறைவு, மரக்கறிச் சாப்பாடு காலடியில், அம்மம்மாவுக்குக் கோயில் பக்கத்தில். அங்கிருந்து, சென்டோசாவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு நேரடி ரயில் இருக்கிறது, வண்டி மாறத் தேவையில்லை. ஆனால் பூங்கா வாசலிலிருந்து சென்டோசா ரயில், பிறகு மற்ற ரயில், இடையில் நடை என்று கட்டிலுக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ரயிலின் ஆட்டத்தில் பிள்ளை கட்டாயம் கண்ணயர்வாள். முச்சக்கர வண்டியில் நடந்தது அங்கேயும் நடக்கும். அதனால் ஹார்பர்ஃபிரண்ட் பக்கமே, கூடிய வாடகையில், அறை எடுத்தார்கள். இந்தக் கூடுதல் செலவைப் பற்றி வீட்டில் வாக்குவாதம் நடந்தது. பிற்பகலை இழந்தால் டிக்கெட் காசும் வீண்தான் என்ற தாயின் வாதம் வென்றது.

### ஏணையிலிருந்து பாய்க்கு

மிகக் கடினமான பகுதி இது. அம்மம்மாவிடம் பேசத் தாய் என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார்.

"மகள், ஏணையில் ஆட்டாமல் இந்தப் பிள்ளை கண்ணை மூடாது. உன்னையும் உன் தம்பியையும் நான் இப்படித்தான் வளர்த்தேன்" என்றார் அம்மம்மா.

"அதில் ஒரு குறையும் இல்லை, அம்மா. அங்கே ஏணை கட்ட முடியாது, அதுதான்" என்றார் தாய்.

அம்மம்மாவின் குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். இருபது மாதமாகப் பிள்ளையைப் பகலில் உறங்கவைத்த கைகள் அவருடையவை; அதை ஒரு பழக்கக் கோளாறாக யாராவது பேசினால் அது அநியாயம். நாங்கள் கேட்டது ஒன்றுதான்: உறக்கத்தோடு பிள்ளை சேர்த்து வைத்திருக்கும் அடையாளங்களில் எவை பெட்டியில் வைத்துக் கொண்டுபோகக்கூடியவை? சேலையைக் கொண்டுபோகலாம், தாலாட்டையும் கொண்டுபோகலாம். ஆட்டத்தை மட்டும்தான் இங்கே விட்டுப்போக வேண்டும். அப்படிச் சொன்னதும் அவரே முன்வந்து முறையை வகுத்தார்.

முதல் சில நாள் ஏணையில் ஆட்டி, கண் சொருகும்போது ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு அதே சேலையைத் தரையில் மெத்தையின் மேல் விரித்து, அதே பாட்டைப் பாடி, முதுகில் தட்டிக்கொடுத்தார். முதல் வாரத்தில் பகல் நித்திரை நாற்பது நிமிடமாகச் சுருங்கியது. தாய் பயந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தச் சுருக்கம் எதிர்பார்க்கக்கூடியதுதான். நித்திரையின் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பிள்ளை அரைகுறையாக விழித்து, ஆட்டத்தைத் தேடுகிறாள். அந்த இடத்தில் அம்மம்மா பக்கத்திலேயே இருந்து பாட்டைத் தொடர்ந்தார். இரண்டாம் வாரத்தில் ஒன்றரை மணி நேரமானது. மூன்றாம் வாரத்தின் இறுதியில் பழைய இரண்டு மணி நேரம் திரும்பிவந்தது.

### விமானத்துக்குப் பாணி வேண்டாம்

விமானம் நள்ளிரவு கடந்து கட்டுநாயக்கவில் புறப்படுகிறது. உறவு மாமி ஒருவர், தடிமனுக்குக் கொடுக்கும் பாணி மருந்தில் கொஞ்சம் கொடுத்தால் பிள்ளை சிங்கப்பூர்வரை உறங்கும் என்று ஆலோசனை சொன்னார். இது எங்களிடையே மிகவும் பரவலான யோசனை, அன்போடு சொல்லப்படுவது. அதனால்தான் இதைக் கடுமையாகச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். அந்தப் பாணிகளில் உள்ள அன்டிஹிஸ்டமின் மருந்துகள் சில பிள்ளைகளை உறங்கவைப்பதற்குப் பதிலாகப் படபடப்பாக்கிவிடும். அந்த வகையைச் சேர்ந்த புரொமெதசின் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் சுவாசத்தையே ஆபத்தான அளவுக்கு மந்தமாக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்திருக்கிறது. தந்தை பிள்ளையின் வைத்தியரிடம் கேட்டார். அவரும் வேண்டாம் என்றார். மாமிக்கு மனம் நோகாமல் அதைத் தெரிவித்தது தாயின் திறமை.

### ஒரு ஒத்திகை

விகாரமகாதேவி பூங்காவில், நண்பகல் மரநிழலில், சாய்க்கக்கூடிய தள்ளுவண்டியில் பிள்ளையை உறங்கவைத்துப் பார்த்தார்கள். ஐம்பது நிமிடம் உறங்கினாள். தள்ளுவண்டியைத் துணியால் மூடக்கூடாது என்பதை மட்டும் வற்புறுத்தினேன். மெல்லிய துணிகூடக் காற்றோட்டத்தைத் தடுத்து உள்ளே வெப்பத்தை ஏற்றிவிடும். நிழலில் நிறுத்த வேண்டும், பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஒத்திகையிலிருந்து தந்தை, பிள்ளை எங்கேயும் உறங்குவாள் என்று முடிவுசெய்தார். அது பிழை என்பது பிறகு தெரியவந்தது.

## நடந்தவை

முதல் நாள். கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் காரில் உறங்கிய பிள்ளை, விமான நிலைய வெளிச்சத்தில் விழித்தாள். விமானத்தில் தாயின் மடியில் விட்டு விட்டு உறங்கினாள். அங்கே ஏழு மணியளவில் இறங்கியபோது கொழும்பில் அதிகாலை நாலரை. அறை பிற்பகலில்தான் கிடைக்கும். வெளியே ஓடாமல், விமான நிலையத்திலேயே அமைதியான மூலையொன்றில் சேலையை விரித்து அம்மம்மா மடியில் படுக்கவைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உறங்கினாள். அறையில் பகல் நித்திரை நேரம் தவறாமல் தொடங்கியது. இரவில் இழந்ததை ஈடுசெய்ய நீட்டிக்கொண்டே போனாள். ஐந்தரைக்கு, அதாவது கொழும்பு மூன்று மணிக்கு, திரையை விலக்கி மெதுவாக எழுப்பச் சொல்லியிருந்தேன். உறங்கும் பிள்ளையை எழுப்பத் தாய்க்கு மனமில்லை, ஆனாலும் எழுப்பினார். இரவு பத்தே முக்காலுக்கு அவள் படுத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள், பூங்கா. எல்லாம் திட்டப்படி நடந்த நாள். தந்தையும் மகனும் திறக்கும் நேரத்தில் உள்ளே போய், வரிசை நீளும் முன் பெரிய சவாரிகளைப் பார்த்தார்கள். மற்ற மூவரும் பத்தரைக்குச் சேர்ந்தார்கள். பிள்ளையை முழு நேரமும் தள்ளுவண்டியில் கட்டிவைக்காமல் அடிக்கடி இறக்கி நடக்கவிட்டார்கள். விழித்திருக்கும் பிள்ளையை ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்பதும் அந்த 2019 வழிகாட்டலில் உள்ளதுதான். ஒன்றரைக்குத் தாயும் அம்மம்மாவும் பிள்ளையும் வெளியேறினார்கள். அதே நாளில் மீண்டும் உள்ளே வரலாம் என்பதை வாசலில் கேட்டு உறுதிசெய்துகொண்டார்கள். சாப்பாடு, அறை, குளிப்பாட்டல், சேலை, பாட்டு. மூன்று மணிக்கு முன் உறங்கிவிட்டாள்.

அதன்பிறகு தாய் செய்தது நான் எதிர்பார்க்காதது. பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுப் பூங்காவுக்குத் திரும்பினார். இரண்டு மணி நேரம் மகனோடு மட்டும் இருந்தார். தங்கை பிறந்தபின் அம்மா தன்னோடு மட்டும் விளையாடியது அன்றுதான் என்று மகன் சொன்னானாம். மாலை ஐவரும் கடற்கரையில் சேர்ந்தார்கள். சின்னவள் ஒன்பது மணிவரை மணலில் விளையாடினாள்.

மூன்றாம் நாள். காலை ஏழே முக்காலுக்கே விழித்தாள். திரைகள் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல் அகலம் இடைவெளி. அதன் வழியே வந்த வெயில் நேராகக் கட்டிலில் விழுந்திருந்தது. அன்று இரவு தாய் தன் தலைமயிர்க் கிளிப்புகளால் திரைகளைச் சேர்த்துக் கவ்வினார். அடுத்த நாள் எட்டரைவரை உறங்கினாள். விழித்தது முந்தியதால் அன்றைய பகல் நித்திரையையும் முக்கால் மணி நேரம் முன்னே எடுத்தார்கள். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் காத்திருக்கவைக்காமல், கண் கசக்குவதைப் பார்த்து முடிவெடுத்தது சரியான தீர்ப்பு. அதை அம்மம்மாவே எடுத்தார். மாலையில் ஒளிக்காட்சி பார்த்தார்கள். அவள் அண்ணனின் தோளில் கைவைத்து நின்று முழுவதையும் பார்த்தாளாம்.

நான்காம் நாள், மீண்டும் பூங்கா. இம்முறை தந்தை, அறைக்குத் திரும்பி நேரத்தை வீணாக்காமல் தள்ளுவண்டியிலேயே உறங்கவைக்கலாம் என்றார். விகாரமகாதேவி பூங்காவில் உறங்கினாளே என்பது அவருடைய நியாயம். நிழலான இடத்தில் வண்டியைச் சாய்த்தார்கள். உறக்கம் வந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் அருகே இசை முழங்க, திடுக்கிட்டு எழுந்தாள். மீண்டும் உறங்கவில்லை. ஏப்ரலில் கண்ட அதே வரிசை தொடங்கியது: துள்ளல், சிரிப்பு, பிறகு தேற்ற முடியாத அழுகை.

மரநிழலும் கேளிக்கைப் பூங்காவும் ஒன்றல்ல. விகாரமகாதேவியில் சத்தம் சீரானது. ஒரே அளவில் ஓடும் வாகன இரைச்சலையும் காக்கையையும் பிள்ளையின் காது விட்டுவிடும். பூங்காவில் அமைதியும் முழக்கமும் மாறி மாறி வருகின்றன. ஆழமில்லாத நித்திரையை எழுப்புவது அந்தத் திடீர் மாற்றம்தான்.

அதன்பின் எடுத்த முடிவு நல்லது. ஆறு மணிக்கு அவள் மீண்டும் சொக்கியபோது உறங்கவிட்டால் இரவு குலையும் என்று தாய் உணர்ந்தார். அறைக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டி, கொஞ்சம் தயிர்ச்சோறு ஊட்டி, எட்டேகாலுக்கு இரவு நித்திரைக்கே படுக்கவைத்தார். காலை எட்டுமணிவரை உறங்கி எழுந்தபோது பழைய பிள்ளை. ஒரு நாள் தவறியதை அடுத்த நாளின் பகலில் ஈடுசெய்ய முயலாமல், அன்றிரவே முன்கூட்டிப் படுக்கவைத்தது ஏப்ரலில் நடந்த இரண்டு நாள் குழப்பத்தைத் தடுத்தது.

கடைசி இரு நாள். ஐந்தாம் நாள் பகல் நித்திரை அறையில், தடையில்லாமல். ஆறாம் நாள் மாலைப் புறப்பாடு; விமானத்தில் ஏறியதும் உறங்கி, காரில் உறங்கி, வெள்ளவத்தையில் கட்டிலுக்கு மாறியதையும் அறியவில்லை.

## கொழும்பு திரும்பியபின்

ஆறு நாளில் வெளிச்சம் அவளை அரை மணி நேரம் போல முன்னே இழுத்திருந்தது. வீட்டில் சில நாள் ஆறு மணிக்கு முன்னரே எழும்பினாள். பகல் நித்திரை முதல் நாளிலிருந்தே வழக்கமான நேரத்துக்குக் கிட்ட இருந்தது. அந்த வாரத்துக்குள் காலையும் சீரானது. சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றியிருந்தால், கொழும்பில் அதிகாலை நான்கு மணிக்கு எழும்பும் பிள்ளையோடு இருவரும் வேலைக்குப் போக வேண்டியிருந்திருக்கும்.

ஏணை மீண்டும் கட்டப்பட்டது. அம்மம்மா கேட்டார், நான் தடை சொல்லவில்லை. இப்போது பிள்ளை இரண்டு விதமாகவும் உறங்குகிறாள். சேலையும் பாட்டும் இருந்தால் போதும்.

## மாற்ற வேண்டியவை

பெற்றோர் முதலில் சொன்னது விமான நேரம். கட்டணம் கூடினாலும், பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பறக்கும் பயணத்தையே அடுத்த முறை தேடுவார்கள். நள்ளிரவுப் பயணம் மலிவாகத் தெரிந்தாலும் முதல் நாளை முழுதாக விழுங்கியது. தள்ளுவண்டி நித்திரை இனி அவசரத்துக்கு மட்டும். திரையைக் கவ்வக் கிளிப்புகள் பெட்டியில் முதலிலேயே போகும். ஏணைப் பழக்கத்தை மாற்ற மூன்று வாரம் போதுமாக இருந்தது உண்மை. ஆனால் அந்த முதல் வாரம் அம்மம்மாவுக்கும் பிள்ளைக்கும் வேதனையாக இருந்தது, ஆறு வாரம் எடுத்திருக்கலாம்.

என் மனதில் நிற்பது வேறொன்று. திரும்பிவந்தபின் அம்மம்மாவிடம் பயணம் எப்படி என்று கேட்டேன். "நல்லது டீச்சர். ஆனால் நான் கண்ட சிங்கப்பூர் பாதி அந்த இருட்டு அறைதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கொப்பியைப் பார்த்தால் அது அப்படியே உண்மை. அறையில் நடந்த ஒவ்வொரு பகல் நித்திரைக்கும் காவலிருந்தவர் அவரே. சிராங்கூன் வீதியில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று புறப்படும் முன்பே சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் மாலையில்தான் அது முடிந்தது. பிள்ளையின் நித்திரையை மையமாக வைத்த திட்டத்தில், அந்த நித்திரையின் சுமை முழுவதும் ஒருவர் தோளில் விழுந்திருந்தது. சேலையும் பாட்டும் அம்மம்மாவுடையவை என்பதால், அவரில்லாமல் பிள்ளை உறங்கமாட்டாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பயணத்துக்கு முன்பே தாயும் தந்தையும் அதே சேலையில், அதே பாட்டோடு மாறிமாறி உறங்கவைத்துப் பழகியிருந்தால், பிற்பகல்களை மூவருக்கும் பங்கிட்டிருக்கலாம்.

டிசம்பரில் குடும்பம் திருகோணமலைக்குப் போகிறது. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பகல் நித்திரைக்கு முன் போய்ச்சேரலாம் என்று தந்தை கணக்குப் போட்டிருக்கிறார். தாலாட்டின் இரண்டு வரிகளை அவர் இப்போது பாடப் பழகியிருக்கிறார். சனிக்கிழமைகளில் பிள்ளையை உறங்கவைப்பது அவர்தான். அந்த நேரத்தில் அம்மம்மா கோயிலுக்குப் போய்வருகிறார்.